திருப்புளியும் காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள்

கேள்வி: என்னோடு பணிபுரியும் நண்பர் வீடு மாறுகிறார். தன்னுடைய நான்கு பர்னர் கேஸ் கிரில்லை, புதியதின் விலையில் நான்கில் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொல்கிறார். எட்டு ஆண்டுகள் பழையது. கடைசி ஓராண்டாக உறை போட்டபடி வெளியிலேயே நின்றிருக்கிறது. மூடியின் உட்புறத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. பற்றவைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. தீக்குச்சியால் பற்றவைத்துக் காட்டினார். ஒரு பர்னரில் தீ மஞ்சளாக, பாதி நீளத்துக்கு மட்டும் எரிகிறது. கம்பித் தட்டுகள் முழுக்கத் துரு. கைவேலையில் எனக்கு ஆர்வம் உண்டு, அனுபவம் குறைவு. "அடுத்தவர் வீட்டுக் குப்பையை நம் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்" என்கிறார் மனைவி. வாங்கிச் சரிசெய்வது லாபமா? முக்கியமாக, பாதுகாப்பானதா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் நான்கு குறைகளை எழுதியிருக்கிறீர்கள். நான்கில் எதுவும் எனக்குப் பெரிய கவலை தரவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் கவலை தருகிறது. அந்தக் கிரில்லின் அடிப்பெட்டி, அதாவது பர்னர்கள் உட்கார்ந்திருக்கும் தொட்டி, எந்த உலோகத்தால் ஆனது? இப்போது எப்படி இருக்கிறது? இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேஸ் அடுப்புகளையும் கிரில்களையும் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கிரில் பார்க்கப் போகிறவர்கள் மூடியைத் திறப்பார்கள், முகம் சுளிப்பார்கள், விலையைக் குறைத்துக் கேட்பார்கள். மண்டியிட்டு அடியைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பர்னர், அதற்கு மேலிருக்கும் வெப்பத் தகடு, கம்பித் தட்டு, பற்றவைக்கும் கருவி, ரப்பர் குழாய், ரெகுலேட்டர், குமிழ், சக்கரம் எல்லாமே தேய்ந்து போகும் என்று தெரிந்தே செய்யப்பட்டவை. கழற்றலாம், வேறு போடலாம். அடிப்பெட்டிக்கு மட்டும் அந்த வசதி இல்லை. தனியாகக் கிடைத்தாலும் அதன் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்து உங்களைப் புதிய கிரில்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே கிரில் வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். ஒரு பெட்டியை வாங்குகிறீர்கள். மற்றவை அதனுடன் வரும் உதிரிகள்.

பெட்டி மூன்று விதமாக இருக்கும். கனமான வார்ப்பு அலுமினியம் என்றால் யோகம். அலுமினியத்துக்குத் துரு பிடிக்காது. ஆண்டுக்கணக்கில் மழையில் நின்றாலும் மேலே வெள்ளைப் பொடி பூக்கும், அவ்வளவுதான். தேய்த்தால் போய்விடும். இரண்டாவது, எனாமல் பூசிய இரும்புத் தகடு. பூச்சு முழுதாக இருக்கும்வரை நன்றாக இருக்கும். ஓர் இடத்தில் சில்லு பெயர்ந்தால் அந்த ஓட்டை வழியே துரு உள்ளே நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே பரவும். மூன்றாவது, பெயிண்ட் மட்டும் அடித்த மெல்லிய தகடு. எட்டு ஆண்டு ஆன மெல்லிய தகட்டுப் பெட்டி என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், நண்பருக்கு நல்ல புது வீடு அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வந்துவிடுங்கள்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். அடிப்பெட்டியின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். ஒட்டாவிட்டால், தடிமனாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால், அது வார்ப்பு அலுமினியம். ஒட்டினால் இரும்பு. இரும்பு என்று தெரிந்ததும் திருப்புளியை எடுங்கள். எண்ணெய் வடியும் துளையைச் சுற்றி, பெட்டியின் நான்கு மூலைகளில், பர்னரைத் தாங்கும் முளைகளுக்கு அடியில், அழுத்திக் குத்திப் பாருங்கள். நண்பர் பதறினால் பதறட்டும். மேல்துரு என்றால் பொடி உதிர்ந்து முனை உலோகத்தில் டக்கென்று நிற்கும். நைந்த துரு என்றால் முனை மெத்தென்று இறங்கும், சில நேரம் மறுபக்கமே தெரியும். எண்ணெய் வடியும் துளை வடித்தட்டுக்கு மேலே இருக்கும்படிதான் பெட்டியை அமைத்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டை விழுந்திருந்தால், கொதிக்கும் கொழுப்பு தட்டைத் தவறவிட்டுக் கீழே போகும். கீழே இருப்பது ரப்பர் குழாய், பல வகைகளில் சிலிண்டர். ஓட்டை விழுந்த பெட்டியை ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கூடாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதில் ஏமாந்தேன். பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஒரு கிரில்லைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒரு முறை சூடாக்கியதும் அடியில் வட்டமாக ஒரு துண்டு உப்பிப் பெயர்ந்தது. கார்களின் நசுங்கலை நிரப்பும் பசையால் ஓட்டையை அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார் விற்றவர். அதிலிருந்து அழுக்கான கிரில்லைக் கண்டால் எனக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அழுக்கு எதையும் ஒளிப்பதில்லை. நேற்று அடித்த பெயிண்ட் வாசனை வந்தால்தான் திருப்புளியைக் கொஞ்சம் ஆழமாகக் குத்துவேன்.

நெருப்புப் பட்ட தடயத்தையும் தேடுங்கள். கொழுப்பு தேங்கித் தீப்பிடித்த கிரில்லில் சில அடையாளங்கள் மிஞ்சும். குமிழ்கள் உருகி வடிவம் மாறியிருக்கும், முன்பலகையில் வானவில் நிறத் திட்டு இருக்கும், மூடி ஒரு பக்கம் சரியாக அமராது. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே தளர்ந்துபோகும். கோணிய வார்ப்புப் பெட்டியை நிமிர்த்த வழி இல்லை.

இப்போது நீங்கள் எழுதிய குறைகளுக்கு வருகிறேன்.

உங்கள் மனைவியை முகம் சுளிக்க வைத்தவை அந்தச் செதில்களாகத்தான் இருக்கும். மூடிக்குள் உரிவது பெரும்பாலும் பெயிண்டே இல்லை. கொழுப்பும் புகையும் படிந்து, மீண்டும் மீண்டும் சூடாகிக் கரியாக மாறிய படலம் அது. தோசைக்கல்லின் அடியில் ஏறும் கரியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செதிலை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். கறுப்புப் பொடியாக நொறுங்கினால் கரிதான், சுரண்டினால் தீர்ந்தது. கண்ணாடிச் சில்லைப் போல மினுங்கிக் கையைக் கீறினால் அது எனாமல். எனாமல் உதிரும் மூடிக்குக் கீழே சமைக்க முடியாது. அப்படி இருந்தால் பேரத்தை விடுங்கள்.

பற்றவைக்கும் பொத்தான் ஒரு பொருட்டே இல்லை. பேட்டரியில் இயங்கும் வகை என்றால் பொத்தானின் மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சிறு பேட்டரி பச்சை பூத்துக் கிடக்கும். பாதிப் பழுதுகள் அங்கேயே முடிந்துவிடும். அழுத்தினால் டக் என்று அடிக்கும் வகைக்குப் பேட்டரி கிடையாது. அதில் பொறி பறக்கும் முனை கரி பிடித்திருக்கலாம், முனையைச் சுற்றிய வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது முனைக்கும் பர்னருக்கும் இடையே இருக்க வேண்டிய சில மில்லிமீட்டர் இடைவெளி கூடிப்போயிருக்கலாம். எதுவானாலும் மலிவு. விற்பவர்கள் மட்டும் இதைப் பெரிய குறையாக எண்ணி வெட்கத்தோடு சொல்வார்கள். பேரத்துக்கு உதவும், சொல்லட்டும்.

துருப்பிடித்த தட்டுகள் வார்ப்பிரும்பா, கம்பியா என்று நீங்கள் சொல்லவில்லை. வார்ப்பிரும்பு என்றால், எவ்வளவு கோரமாகத் துருப்பிடித்திருந்தாலும் விரிசல் இல்லாதவரை மீட்கலாம். வினிகரும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுப் போட்டுச் சூடாக்க வேண்டும். பழைய இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். எனாமல் பூசிய தட்டில் பூச்சு பெயர்ந்திருந்தால் வேறு வாங்குவதே மேல். எவர்சில்வர் கம்பி என்றால் தேய்த்தால் போதும். தேய்ப்பதற்குக் கம்பித் தூரிகை மட்டும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பி தட்டில் ஒட்டி, உணவோடு தொண்டைக்குள்ளும் குடலுக்குள்ளும் போய் அறுவைச் சிகிச்சை வரை போனவை மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. நார், மரச் சுரண்டி, கசக்கிய அலுமினியத் தாள், எது வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள்.

அடுத்து அந்த மஞ்சள் தீ. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நால்வகைக் குறைகளில் ஆபத்து ஒளிந்திருப்பது இதில்தான். சரிசெய்வது எளிது என்பதும் இதில்தான்.

ஒரு பங்கு புரொப்பேன் வாயு முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பர்னரே உறிஞ்சிக்கொள்கிறது. குமிழுக்குப் பின்னால் பித்தளையில் ஊசித்துளை போன்ற ஒரு ஜெட் இருக்கும். அதிலிருந்து வாயு வேகமாகப் பீறிட்டு, பர்னரின் அகன்ற வாய்க்குள் பாயும்போது பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் குழாய்க்குள் கலந்து, பர்னரின் துளைகளில் வெளிவந்து நீலமாக எரியும். வழியில் ஏதாவது அடைத்துக்கொண்டால் காற்று குறையும், தீ மஞ்சளாகும், புகைக்கரி படியும், கார்பன் மோனாக்சைடு கூடும்.

அடைப்பது யார்? பெரும்பாலும் சிலந்தி. ஓராண்டு சும்மா நின்ற கிரில்லில் நான் முதலில் தேடுவது வலையையும் குளவிக் கூட்டையும்தான். இருட்டான குறுகிய குழாய், மழை படாத இடம்; குளவிக்கு வேறென்ன வேண்டும்? சிலந்திகளில் ஒரு வகைக்கு எரிபொருள் வாசனையே பிடித்தம் போலும். 2011-இல் மாஸ்தா நிறுவனம் அமெரிக்காவில் மாஸ்தா 6 கார்களைப் பல்லாயிரக்கணக்கில் திரும்ப அழைத்ததற்குக் காரணம், எரிபொருள் தொட்டியின் காற்றுக் குழாயில் மஞ்சள் சிலந்தி ஒன்று கட்டிய வலை. கார் நிறுவனத்தையே மண்டியிட வைத்த பூச்சிக்கு உங்கள் நண்பரின் கிரில் எம்மாத்திரம்?

இதில் ஆபத்து எங்கே என்றால், அடைப்பு முழுமையானால் வாயு முன்னால் போக வழியில்லாமல் பர்னரின் வாய் வழியே பின்னால் கசியும். பின்னால் என்றால், உங்கள் கை இருக்கும் குமிழ்களுக்கு அடியில். பற்றவைத்ததும் தீ பலகைக்குக் கீழே எரியும். ஆகவே பார்க்கப் போகும் இடத்தில் அந்தப் பர்னரை மறுபடியும் பற்றவைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். மற்ற மூன்றும் எப்படி எரிகின்றன என்று பார்த்தால் போதும். வாங்கிய பின், முதல் வேலையாக நான்கு பர்னர்களையும் கழற்றுங்கள்.

கழற்றியதும் குழாயின் நீளத்துக்குப் போகும் புட்டித் தூரிகையால் உட்புறத்தைத் துடைத்து, கவிழ்த்துத் தட்டி, கழுவி, நன்றாகக் காயவையுங்கள். துளைகளை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் திறக்கலாம், அகலப்படுத்தக் கூடாது. இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள உலோகம் அரித்து, துளைகள் சேர்ந்து நீளப் பிளவாகியிருந்தால் அந்தப் பர்னரின் ஆயுள் முடிந்தது. ஜெட்டின் துளையில் ஊசியோ துளைக்கருவியோ நுழைக்கவே வேண்டாம். இளம் வயதில் ஒரு ஜெட்டை ஊசியால் 'சுத்தம்' செய்து, மயிரிழை அளவு பெரிதாக்கிவிட்டேன்; அந்தப் பர்னர் அதன்பிறகு பந்தம் பிடிப்பது போலத்தான் எரிந்தது. கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்து, ஊதினால் போதும்.

திரும்ப மாட்டும்போது அனுபவம் குறைந்தவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. பர்னரின் வாய் ஜெட்டின் மேல் தொப்பி போல அமர வேண்டும்; ஜெட்டின் முனை வாய்க்குள் நடுவில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் வாயை ஜெட்டின் பக்கத்தில் வைத்துத் திருகாணியை முடுக்கிவிடுவார்கள். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். வாயு மட்டும் பலகைக்கு அடியில் கொட்டும். டார்ச் அடித்து நான்கையும் பாருங்கள், பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

நண்பரின் கிரில் எந்த வாயுவுக்கானது என்று கேட்டீர்களா? சிலிண்டரில் வரும் புரொப்பேனுக்கும் குழாய் வழியே வரும் இயற்கை வாயுவுக்கும் ஜெட் வேறு. ஒரே கன அளவில் புரொப்பேன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தரும், ஆகவே அதற்கு ஜெட்டின் துளை சிறியது. இயற்கை வாயுவுக்கான கிரில்லில் சிலிண்டரைக் கோத்தால் ஆளுயரத் தீயைக் காண்பீர்கள். பெட்டியின் பின்புறத்திலோ கதவின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாயுவின் வகையும், எந்த அழுத்தத்துக்கானது என்பதும், மாடல் எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகடும் அதிலிருக்கும் எண்ணும் அழிந்துபோன கிரில் என்றால், ஜெட்டை யாராவது முன்பே மாற்றியிருக்கிறார்களா என்று அறிய வழியில்லை. அப்படிப்பட்டதை அனுபவம் குறைந்தவர் வாங்குவதை நான் விரும்பமாட்டேன்.

ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பற்றி யோசிக்கவே வேண்டாம், இரண்டையும் தூக்கி எறியுங்கள். விரிசல் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். எட்டு ஆண்டு வெயில் கண்ட ரப்பரை மடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் எனக்கே கிடையாது. உங்கள் நாட்டில் விற்கும் சிலிண்டருக்கும் தகட்டில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கும் பொருந்தும் புதிய ரெகுலேட்டராக வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது, வீட்டு அடுப்பிலிருந்து கழற்றியது எதுவும் வேண்டாம்.

குமிழ்களை ஒவ்வொன்றாக அழுத்தித் திருப்பிப் பாருங்கள். அழுத்தினால் உள்ளே போய், விட்டால் வில் போலத் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் உள்ளிருக்கும் மசகு கெட்டியாகியிருக்கலாம், அது பழகும். ஒன்று திரும்பவே மறுத்தால், அல்லது மூடிய நிலையிலும் ஜெட்டில் வாசனை வந்தால், வால்வு போய்விட்டது. சில மாடல்களில் வால்வுகள் தனித்தனியாகக் கிடைக்கும். சிலவற்றில் குழாயோடு ஒட்டுமொத்தமாகத்தான் கிடைக்கும். பிந்தையது என்றால் கணக்கு தலைகீழாகும். வால்வைப் பிரித்து மசகு போடும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். இந்தப் பதிலில் 'என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள்' என்று நான் சொல்லும் ஒரே இடம் இது.

இன்னொன்று உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் பழைய கிரில் தேடுகிறவர்களுக்கு லாபமான செய்தி என்பதால் சொல்கிறேன். 'எல்லாப் பர்னரும் எரிகிறது, சூடுதான் ஏறவில்லை' என்று ஒருவர் மலிவாக விற்றால் உடனே ஓடிப்போய்ப் பாருங்கள். சில ரெகுலேட்டர்களில் கசிவுக் காப்பு ஒன்று உண்டு. குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சட்டென்று முழுவேகத்தில் திறந்தாலோ, குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி அது வாயுவைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கும். மூடியை மூடி எவ்வளவு நேரம் விட்டாலும் 120, 150 டிகிரியைத் தாண்டாது. எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மாட்டி, குமிழ்கள் மூடியிருக்கும்போது சிலிண்டரை மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். ஒரு வாடிக்கையாளர் இந்தக் குறைக்காகப் பர்னர், வால்வு எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் கூலி வாங்கக் கூச்சமாக இருந்தது, வாங்கினேன்.

இனி லாபக் கணக்கு. இதே தரத்தில் புதிய கிரில்லின் விலை நூறு என்று வைத்துக்கொள்வோம். 'இதே தரம்' என்றால் நான்கு பர்னர் உள்ள எதையும் சொல்லவில்லை. இதே எடை, இதே தடிமன் உள்ளதைச் சொல்கிறேன். பழைய கனமான கிரில்லைப் புதிய தகரக் கிரில்லோடு ஒப்பிட்டுவிட்டு 'இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வந்துவிடுமே' என்று சொல்வது பலர் செய்யும் பிழை. அந்தப் புதிது மூன்றாம் ஆண்டில் எந்த நிலையில் இருக்கும் என்று என் வேலைமேசையில் பார்த்திருக்கிறேன். நண்பர் கேட்பது இருபத்தைந்து. குழாய், ரெகுலேட்டர், பற்றவைக்கும் முனை, போகும் நிலையிலிருக்கும் ஒரு பர்னர், அரித்திருக்கக்கூடிய வெப்பத் தகடுகள் ஆகியவற்றின் விலையை, வாங்குவதற்கு முன்பே, மாடல் எண்ணை வைத்து விசாரித்துக் கூட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஐம்பதுக்குள் நின்றால் வாங்குங்கள். அறுபதைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இது என் சொந்த அளவுகோல், சட்டம் அல்ல. கம்பெனியே மூடப்பட்டு உதிரி கிடைக்காத மாடல் என்றால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பொதுவான பர்னர்களும் தகடுகளும் சந்தையில் உண்டு. பொருத்துவதற்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எவர்சில்வர் என்று சொல்லி விலை ஏற்றினால் மறுபடியும் காந்தத்தை எடுங்கள். வெளியில் நின்று தாக்குப்பிடிப்பது 304 என்ற வகை. அதில் குரோமியம் 18 விழுக்காடு அளவும் நிக்கல் 8 விழுக்காடு அளவும் இருக்கும், காந்தம் ஒட்டாது, வளைத்த விளிம்புகளில் மட்டும் லேசாக ஒட்டலாம். மலிவான 430 வகையில் காந்தம் பளிச்சென்று ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான், பொய் இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் தேநீர்க் கறை போலத் துருப்புள்ளி விழும்.

உங்கள் உழைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முழுதாக இரண்டு நாள் வேலை இருக்கிறது. முதல் நாள் முழுக்க அழுக்கோடுதான். அது உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் செலவில்லை. தண்டனையாகத் தோன்றும் என்றால், கணக்கு எவ்வளவு லாபமாக வந்தாலும் வாங்காதீர்கள். பாதி பிரித்த கிரில் ஒன்று பல ஆண்டு மூலையில் கிடப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வாங்கிவிட்டால் சில எச்சரிக்கைகள். மூடியை மூடி முழுத்தீயில் வைத்தால் அழுக்கெல்லாம் எரிந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எட்டு ஆண்டுக் கொழுப்பை அப்படி எரித்தால் எரிவது அழுக்கு மட்டும் அல்ல. ஆறிய நிலையில் சுரண்டி அள்ளி எறிந்த பிறகுதான் தீ. அலுமினியப் பெட்டி என்றால் காஸ்டிக் கலந்த சுத்திகரிப்புத் திரவங்கள் பக்கமே போகாதீர்கள். அது உலோகத்தையே தின்று, ஹைட்ரஜனையும் வெளிவிடும். சாதாரணப் பாத்திரச் சோப்பும் வெந்நீரும் பொறுமையும் போதும். அலுமினியத்தில் புதைந்த இரும்புத் திருகாணிகள் இறுகிப்போயிருக்கும். முறுக்கினால் தலை அறுந்து கையோடு வந்துவிடும். துரு தளர்த்தும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பதிலாகப் போடுவது எவர்சில்வர் திருகாணியாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய திருகாணியோ, கம்பி வலையோ தீப்படும் இடத்தில் வேண்டாம். சூட்டில் துத்தநாகப் புகை உணவுக்குப் பக்கத்தில் எழும். வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடிக்க ஆசை என்றால் வெளிப்புறத்தில் மட்டும் அடியுங்கள்.

எல்லாம் கோத்த பிறகு, குமிழ்களை மூடி, சிலிண்டரைத் திறந்து, பாத்திரச் சோப்பை நீரில் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவுங்கள். குமிழி பெருகினால் அங்கே கசிகிறது. சிலிண்டரை மூடி, அந்த இணைப்பை முடுக்கி, மறுபடியும் திறந்து தடவுங்கள். தீக்குச்சியால் கசிவு தேடும் வீரர்களை நான் சந்தித்திருக்கிறேன், புருவமில்லாமல்தான் சந்தித்தேன். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் இந்தச் சோதனையும் சமையலும் திறந்த வெளியில்தான். முதல் முறை பற்றவைக்கும்போது மூடி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். ஐந்து விநாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். தீ நீலமாக, நுனியில் மட்டும் மஞ்சள் தொட்டபடி நின்றால் காற்று அளவு சரி. துளையை விட்டு எழும்பிச் சீறினால் காற்று அதிகம். பர்னர் வாயிலுள்ள சிறு தகட்டைத் தளர்த்திக் கொஞ்சம் மூடுங்கள்.

நண்பர் தன் சிலிண்டரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால், அதில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். வண்டியில் கொண்டுவரும்போது வால்வை மூடி, நிமிர்த்திக் கட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து நேராக வீட்டுக்கு வாருங்கள். கிரில்லைத் தனியாகத் தூக்க முயலாதீர்கள். வார்ப்பு அலுமினியப் பெட்டிதான் என்று அதைத் தூக்கும்போதே உங்கள் முதுகு சொல்லிவிடும்.

சுரண்டும் வேலையை மட்டும் வெளியிலேயே, பழைய செய்தித்தாள் விரித்து, முழுக்க முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். அந்தக் கரித்தூள் ஒருமுறை வீட்டுத் தரையில் விழுந்தால், நான் இவ்வளவு எழுதியதும் வீண். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.